ஒன்பதாம் மாடிச் சைக்கிள்கள்

ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தில் வந்து அறைவது அந்த வாடைதான். வியர்வை, சூடான ரப்பர், யாரோ மறந்துவிட்டுப் போன ஈரத் துண்டு, இத்தனையையும் மூடி மறைக்க அடித்த எலுமிச்சை வாசனை. வயர்மேனுக்கு மற்றதெல்லாம் பொறுத்துப்போகும். அந்த எலுமிச்சைதான் ஆகாது.

பதினோரு மாடிக் கட்டடம் அது. முழுவதும் ஒரே நிறுவனம். ஒன்பதாவது மாடியில் ஊழியர்களுக்கென்று ஒரு ஜிம். ஜன்னலோரமாக நான்கு சைக்கிள்கள், எங்கேயும் போகாத சைக்கிள்கள். மிதித்தால் உள்ளே டைனமோ சுற்றி மின்சாரம் வரும். பதினாறு வருஷமாகக் கட்டடத்தின் கம்பிகளைக் கட்டி மேய்க்கிற வயர்மேன்தான் இவற்றுக்கும் எண்ணெய் போட்டு, பெல்ட்டை இறுக்க வேண்டும். கைப்பிடியில் உப்புப் பூத்துக் காய்ந்திருக்கும் வியர்வையையும் அவனே துடைத்துவிடுவான். அது அவன் வேலை இல்லை. அவன் விட்டுவைத்தால் அக்கா துடைக்க வேண்டியிருக்கும்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. அவனைவிடப் பதினொரு வயது மூத்தவள். இதே கட்டடத்தில் துப்புரவு வேலை. மேல் மூன்று மாடிகள் அவள் பொறுப்பு. ஒரு வாளி வண்டி, இரண்டு துடைப்பான், ஒரு மூட்டை குப்பைப் பைகள், இவற்றோடு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை அடித்தளத்துக்கும் பதினோராம் மாடிக்கும் போய் வருவாள். போன வருஷம் இடது முழங்கால் வீங்கி, மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறினால் இந்த மூட்டு ஆறு மாதம் தாங்காது, அப்புறம் நடப்பதே கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் என்ன, சர்வீஸ் லிஃப்ட் இருக்கிறதே என்று அக்கா சிரித்தாள். துப்புரவுக்காரர்களும் சாமான்களும் போவதற்கென்று பின்பக்கம் இருக்கிற லிஃப்ட். அந்த லிஃப்ட் இருக்கிறவரை அவளுக்குக் கால் இருக்கிறது. வயர்மேன் மனசுக்குள் கணக்கு அவ்வளவுதான்.

அந்த லிஃப்டில்தான் மேலாளர் கை வைத்தார்.

கட்டடத்தை நிர்வகிக்கிற மேலாளர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார். துப்புரவுப் பெண்களை "அம்மாக்கள்" என்பார். காலையில் உடம்போடு ஒட்டிய சட்டையில் முக்கால் மணி நேரம் மிதித்துவிட்டு, மணிக்கட்டில் கட்டிய பட்டையைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார். இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லாரையும் வரவேற்புக் கூடத்தில் கூட்டி, "நம்ம உடம்பே ஒரு மின் நிலையம்" என்று ஆரம்பித்தார். ஜிம்மில் மிதிக்கிற மின்சாரத்தை அளந்து கூடத்துப் பலகையில் போடுவோம். சர்வீஸ் லிஃப்ட் இனி அந்த மின்சாரத்தின் அளவுக்குத்தான் ஓடும். இருப்பு தீர்ந்தால் நிற்கும். முன்பக்கத்து மூன்று லிஃப்டுகள்? அவை வழக்கம்போல ஓடும், அது வேறு விஷயம்.

கைதட்டினார்கள். வயர்மேன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பேசாதவன். "வாயைத் திறந்தா பல்லு கொட்டிடுமாடா?" என்று அக்கா கேட்பது வழக்கம். அன்றும் பேசவில்லை. சொன்னபடி மின்பேனலைப் பொருத்தினான், அளவுமானியை மாட்டினான், லிஃப்டை நிறுத்துகிற ரிலேயை வைத்தான். கட்டைவிரல் அளவுப் பெட்டி அது. ஒரு தடவை மேலே போய்க் கீழே வரத் தேவையான இருப்பு இருந்தால்தான் லிஃப்ட் கதவைத் திறக்கவிடும். யாரும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அந்த ஏற்பாட்டை மட்டும் அவனாகச் செய்தான்.

முதல் நாள் பலகையில் முப்பத்தெட்டு யூனிட். மறுநாள் நாற்பத்தொன்று. "இன்று நம் உடல்கள் தந்தது" என்ற பச்சை எழுத்துக்குக் கீழே பெரிய எண். ஊழியர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். லிஃப்டுக்கு நாளெல்லாம் ஐந்து யூனிட் போதும். அக்கா வழக்கம்போலப் போய் வந்துகொண்டிருந்தாள். வயர்மேனும், சரி, யாரோ தொப்பையைக் கரைக்கிறதில் அக்காவுக்கு லிஃப்ட் ஓடினால் நல்லதுதானே என்று விட்டுவிட்டான்.

ஆனால் எண் உறுத்தியது. தொழில் தெரிந்தவனுக்கு உறுத்தாமல் எப்படி இருக்கும்? ஒரு ஆள் நன்றாக மிதித்தால் எழுபது வாட் வரும். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும், அவ்வளவுதான். நான்கு சைக்கிளும் ஆறு மணி நேரம் விடாமல் சுற்றினாலும் இரண்டு யூனிட் தேறாது. நாற்பது எங்கிருந்து வருகிறது?

ஒரு திங்கட்கிழமை பேனலைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்ததும் காது சூடாகிவிட்டது.

ஜிம்முக்குப் போகிற தடிமனான கம்பியைச் சுற்றி ஒரு வளையம் மாட்டியிருக்கும். கம்பியில் எவ்வளவு ஓடுகிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்று அதுதான் பார்த்துச் சொல்லும். வளையத்தின் மேல் ஒரு அம்புக்குறி உண்டு. அதைச் சரியான பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். பேனல் சுவரோடு ஒட்டி இருந்ததால் வளையம் இருந்த இடம் கண்ணுக்கு எட்டவில்லை. அன்றைக்கு அவன் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திருப்பி, கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தே மாட்டினான். இண்டு இடுக்குகளில் வேலை செய்கிற எல்லா வயர்மேன்களும் செய்வதுதான். அந்தத் திரை இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் காட்டும் என்பது தலைகீழாய்த் தொங்குகிறவனுக்கு எப்படி ஞாபகம் வரும்? அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, ஜிம் தின்பதெல்லாம் ஜிம் தருவதாகப் பலகையில் ஏறியது. ஏசி, டிரெட்மில்கள், ஆள் இல்லாமலே கத்திக்கொண்டிருக்கும் ஆறு டிவிகள், துண்டு உலர்த்தும் பெட்டி. எவ்வளவு வீணடித்தார்களோ அவ்வளவு பெருமை. வெயில் அதிகமாகி ஏசி கூடுதலாக ஓடின அன்றுதான் நாற்பத்தொன்று.

வயர்மேன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வரவில்லை. எலுமிச்சை வாசனை வந்தது.

மதியம் அடித்தளத்தில், தண்ணீர் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னான். சாப்பாட்டு டப்பாவை மூடாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கூட்டாளி ஒருத்தியும் இருந்தாள். எதிலும் அவசரப்படாதவள் என்பதால் எல்லாரும் அவளைப் புயல் என்பார்கள்.

"அப்போ அவங்க மிதிக்கிறது?" என்றாள் அக்கா.

"ஒண்ணு, ஒண்ணேகால் யூனிட்டு."

"லிஃப்டுக்கு?"

"அஞ்சு வேணும்."

புயல் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா அந்த மனுசங்க அத்தனை பேரும் நாய் மாதிரி இளைச்சு இளைச்சு ஓடினது எதுக்கு?" என்றாள்.

"பசிக்கறதுக்கு," என்றாள் அக்கா. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். "இதப் பாரு தம்பி. நீ ஒண்ணும் பாக்கல. கம்பி எந்தப் பக்கம் பாத்தா என்ன, லிஃப்ட் மேல பாத்துப் போகுதுல்ல? வாயை மூடிக்கிட்டு இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

மூடிக்கொண்டு இருந்தான். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவனுக்குள் ஏதோ புளித்துக்கொண்டே இருந்தது. காலையில் கூடத்தைத் தாண்டும்போது அந்த எண் கண்ணில் படும், வாயில் எச்சில் ஊறும், துப்ப இடம் தேடுவான். மிதித்து முடித்தவர்கள் கழுத்தில் துண்டோடு முன்பக்க லிஃப்டில் இரண்டே மாடி இறங்குவார்கள். "இன்னைக்கு நான் லிஃப்டுக்கே சார்ஜ் போட்டுட்டேன்" என்று ஒருவர் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது. அவன் கையால் வந்த பொய். அவன் கை என்பதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. பதினாறு வருஷத்தில் அந்தக் கை ஒரு கம்பியைத் தப்பாக மாட்டியதில்லை.

அப்புறம் ஒரு நாள் மேலாளர் கூட்டம் போட்டார். நிறுவனத்தின் மற்ற நான்கு கட்டடங்களிலும் இதே திட்டம் வரப்போகிறது. அடுத்த மாதம் சான்றிதழ் கொடுக்கிற குழு பார்க்க வருகிறது. "எல்லாம் நம்ம வியர்வை!" என்றார்.

வயர்மேன் நின்ற இடத்திலேயே உறைந்துபோனான். மற்ற நான்கு கட்டடங்கள். அங்கே ஒழுங்கான கை எவனுக்காவது இருந்து, அம்புக்குறியைச் சரியாக மாட்டிவிட்டால், முதல் நாளே லிஃப்ட் நின்றுவிடும். அங்கேயும் யாராவது ஒரு அக்கா இருப்பாள். அவளுக்கும் முழங்கால் இருக்கும்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். உண்மை தெரிந்தால் இந்தக் கூத்தை நிறுத்திவிடுவார்கள். நாற்பது என்று ஊரெல்லாம் சொன்னது உண்மையில் ஒரே ஒரு யூனிட்தான் என்று தெரிந்தால் யாருக்குமே வெட்கமாக இருக்காதா? ரிலேயைக் கழற்றச் சொல்லிவிட்டு, லிஃப்டைப் பழையபடி விட்டுவிடுவார்கள். மனிதர்களைப் பற்றி அவன் போட்ட கணக்கு அது. கம்பியில் செய்த தப்பைவிடப் பெரிய தப்பு.

வளையத்தைத் திருப்பி மாட்டினான். மறுநாள் காலை பலகையில் கழித்தல் குறியோடு முப்பத்தொன்பது. மேலாளர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கோபப்படவில்லை. நீளமாக ஒரு மௌனம். வயர்மேனுக்கு மௌனங்கள் பழக்கம், நல்ல மௌனம் எது கெட்ட மௌனம் எது என்று தெரியும். இது கெட்டது.

"நீ நேர்மையா சொன்னதுக்கு நன்றி," என்றார் கடைசியில். "பலகையில ஏசி, டிவி எதுவும் வர வேண்டாம். சைக்கிள் கம்பியை மட்டும் அளக்கற மாதிரி பண்ணிடு. எண் சின்னதா இருந்தா என்ன? உண்மையான எண். அது இன்னும் அழகு."

"லிஃப்ட் நின்னுடும் சார்."

"நிக்கட்டும். அப்பத்தான் மத்தவங்களுக்கு மிதிக்கணும்னு தோணும்."

"எங்க அக்காவுக்கு முழங்கால்..."

"படி ஏறறது உடம்புக்கு நல்லதுப்பா. நான்கூட நாலு மாடி ஏறிட்டுதான் வரேன்."

சொன்னபடி மாற்றிக் கொடுத்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு ரிலே 'டக்' என்று விழுந்தது. அந்தச் சின்னச் சத்தம் அவனுக்கு மூன்று மாடி தாண்டிக் கேட்ட மாதிரி இருந்தது. பின்பக்கப் படியில் வாளிகள் இடிபடும் ஓசை ஆரம்பித்தது. அக்கா ஒரு படியில் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து அதே படியில் சேர்த்து, கைப்பிடியில் தொங்கி, அடுத்த படி. வாளியில் தண்ணீர் பாதிதான் ஊற்றியிருந்தாள். வயர்மேன் ஓடிப்போய் வாளியை வாங்கினான்.

"இப்ப உனக்கு வயிறு குளுந்துச்சா?" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. மூச்சு வாங்கியதால் குரலே இல்லை.

அவன் வாளியோடு அவளுக்கு முன்னால் படி ஏறினான். 

ஒரு வாரம் அவன் தன் வேலைகளுக்கு நடுவில் அக்காவின் வாளிகளைத் தூக்கினான். சில நாள் முடிந்தது, பல நாள் முடியவில்லை. ஊழியர்கள் யாருக்கும் மற்றவர்களின் லிஃப்டுக்காக மிதிக்கத் தோன்றவில்லை. எண் சின்னதானதும் படம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பலகையை மேலாளர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஜிம் காலியாகத்தானே இருக்கிறது? அம்மாக்கள் அந்த நேரத்தில் வந்து மிதிக்கலாமே. அவர்கள் லிஃப்டுக்கு அவர்களே மின்சாரம் செய்துகொள்ளலாம். இலவச உடற்பயிற்சி வேறு.

வயர்மேன் இரண்டாவது நாள் போய்ப் பார்த்தான். நான்கு சைக்கிளிலும் நான்கு பெண்கள், நீலச் சீருடையில், கையுறையைக்கூடக் கழற்றாமல். அவர்கள் உட்கார்ந்து எழுந்ததும் மாலையில் வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று இருக்கைக்கு மேல் குப்பைப் பை விரித்திருந்தார்கள். அதை யார் விரிக்கச் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. அக்காவின் இடது கால் சுற்றில் பாதிதான் போகும், மீதிப் பாதிக்கு வலது கால் தள்ளும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சைக்கிளில் புயல், பேருக்கேற்ற வேகத்தில்.

"எவ்வளவு நேரம் மிதிச்சா ஒரு தடவை போய் வரலாம்டா?" என்றாள் அக்கா, அவனைத் திரும்பிப் பார்க்காமல்.

"ஒரு மணி நேரம்."

"படியில ஏறினா?"

அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தான். போட்டிருக்கக் கூடாது. "படியில ஏறினா உடம்புக்கு இதுல பத்துல ஒரு பங்கு வேலைதான். லிஃப்டு தன்னோட பெட்டி, கயிறு, விளக்கு, மோட்டார் சூடு எல்லாத்துக்கும் சேத்துத் திங்கும். உடம்பு வேற நாலு பங்கு தின்னுட்டு ஒரு பங்குதான் கொடுக்கும்."

புயல் மிதிப்பதை நிறுத்தினாள். "அப்ப நாங்க பத்துத் தடவை படி ஏறின அலுப்பை இங்க உக்காந்து பட்டுட்டு, ஒரு தடவை லிஃப்டுல போறோமா?"

"ஆமா."

"இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்," என்றாள் புயல். "ரொம்ப நாள் இருக்கணும். இந்தச் சைக்கிள் மேலயே இருக்கணும்."

அக்கா சிரித்தாள். சிரித்தபோது கால் நழுவி மிதி சுழன்று கணுக்காலில் அடித்தது. அவள் சத்தம் போடவில்லை. சீருடைக் கால்சட்டையை மெல்ல முழங்கால்வரை சுருட்டிப் பார்த்தாள். மூட்டு இருந்த இடம் தெரியவில்லை. உருண்டு, பளபளத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. வயர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த ஏசிக் குளிரில், எலுமிச்சை வாசனையில், எட்டுக் கிழட்டு முழங்கால்கள் அரைத்து எடுத்த கொஞ்சூண்டு மின்சாரம் கம்பி வழியாக இறங்கிப்போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஏசி, அதைப் போலப் பத்து மடங்கை ஒரு மூச்சில் உறிஞ்சிக்கொண்டு, திருப்தியாக உறுமியது.

அன்றைக்குத்தான் அவன் முதல்தடவையாக ரிலேயைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று யோசித்தது. எறிந்தால் மறுநாள் வேறு ஒன்று வாங்கித் தருவார்கள், அதை மாட்ட வேறு ஒருவனை வைப்பார்கள். விட்டுவிட்டான்.

சான்றிதழ்க் குழு வருவதற்கு முந்தின நாள் மேலாளர் அவனைத் தனியே அழைத்தார். ஒரு சைக்கிளைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்து, பலகைக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பி கொடுக்க வேண்டும். அக்கா வந்து இரண்டு நிமிஷம் மிதிப்பாள். பிறகு வாளி வண்டியோடு போய்ப் பொத்தானை அழுத்துவாள், லிஃப்ட் திறக்கும், மேலே போவாள். குழு பார்க்கும்.

"ரெண்டு நிமிஷத்துல வராது சார்."

"தெரியும்பா. கொஞ்சம் இருப்பு முன்னாடியே வெச்சிடு. ஒரு தடவைக்கு மட்டும். உனக்குத் தெரியாததா?" அவன் தோளில் தட்டினார். கை ஈரமாக இருந்தது. சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை ஊறவைத்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் குழு வந்தது. ஐந்து பேர். தலைவி வயதானவர், நரைத்த தலை, கையில் சின்னக் குறிப்பேடு. ஊழியர்கள் எல்லாரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். மேலாளர் அழகாகப் பேசினார். காலையிலேயே துப்புரவுப் பெண்கள் போய் வந்ததில் இருப்பு தீர்ந்து, இப்போது இருப்பைக் காட்டும்படி மாற்றியிருந்த பலகையில் பூச்சியம் இருந்தது. வயர்மேன் பேனல் பக்கத்தில் நின்றான். முன்கூட்டி வைக்கச் சொன்ன இருப்பை அவன் வைக்கவில்லை. திட்டமிட்டு மறுத்தான் என்றும் சொல்ல முடியாது. காலையில் பேனலைத் திறந்தான், கையை நீட்டினான், கை போகவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பொய் சொன்ன கை. மூடிவிட்டான்.

அக்கா சைக்கிளில் ஏறினாள். இரண்டு நிமிஷம் மிதித்தாள். கைதட்டினார்கள். இறங்கி, காலை இழுத்துக்கொண்டே வாளி வண்டியைத் தள்ளிப்போய் சர்வீஸ் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.

திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. மேலாளர் வயர்மேனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் குழுத் தலைவி. குறும்பு எதுவும் இல்லாத, வெறும் தெரிந்துகொள்ளும் குரல்.

யாரும் பதில் சொல்லாததால் வயர்மேன் சொன்னான். "இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம் மிதிக்கணும்மா."

"யாரு, இவங்களா?" அவர் அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். "நீங்க தினமும் முக்கால் மணி நேரம் மிதிக்கிறதா சொன்னீங்களே. நீங்க வேகமா மிதிப்பீங்க இல்லையா? மிதிச்சுக் காட்டுங்களேன். நாங்க நேரம் வெச்சுக்கிட்டுதான் வந்திருக்கோம்."

மேலாளர் சிரித்தார். மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஏறினார்.

முதல் ஐந்து நிமிஷம் பெரிய வேகம். ஊழியர்கள் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். பலகையில் எண் புள்ளிக்கு வலப்பக்கம் எங்கேயோ நகர்ந்தது. பத்தாவது நிமிஷம் தாளம் தளர்ந்தது. பதினைந்தில் ஒருத்தர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார், பிறகு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் கேட்டதெல்லாம் பெல்ட் உரசும் சத்தமும் மேலாளரின் மூச்சும்தான். நிறுத்த முடியாது, தலைவி நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது. சட்டை முதுகில் ஒட்டியது. மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

இந்தக் காட்சி தனக்கு இனிக்கும் என்று வயர்மேன் நினைத்திருந்தான். இனிக்கவில்லை. ஒரு மனிதன் எல்லார் முன்னாலும் விலங்கு மாதிரி வாயைத் திறந்து மூச்சுவிடுகிறான். எல்லாரும் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். அக்காவும் புயலும் இதையே இரண்டு வாரம் செய்தபோது பார்ப்பதற்கு ஒருவரும் வரவில்லை. அருவருப்பாக இருந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லார் மேலும்தான். தன்னையும் சேர்த்து.

அக்கா இதுவரை வண்டியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தாள். தரையில் விழுந்த சொட்டுகள் சின்னக் குட்டையாகச் சேர்ந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. துடைப்பானை எடுத்துக்கொண்டு நொண்டி வந்து, சைக்கிளுக்கு அடியில், சுழன்றுகொண்டிருந்த அந்தக் கால்களுக்கு நடுவில், குனிந்து துடைத்தாள். பழக்கம். மேலாளர் மேலே மிதித்துக்கொண்டிருந்தார், அவள் கீழே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பெரியவங்களே, ஒரு காலைத் தூக்குங்க," என்றாள் அக்கா. பிறகு சுதாரித்துக்கொண்டு, "இல்ல சார், நீங்க மிதிங்க, நான் சுத்திப் போறேன்," என்றாள். பின்வரிசையில் புயல் முந்தானை இல்லாத குறைக்குச் சீருடைக் கழுத்துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாவது நிமிஷம் ரிலே 'டக்' என்றது. சர்வீஸ் லிஃப்ட் கதவு திறந்தது.

யாரோ ஒரே ஒரு தடவை கைதட்டி நிறுத்திக்கொண்டார். மேலாளர் இறங்கவில்லை, இறங்கக் கால் வரவில்லை. கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடுவதற்கு முன்னால் எட்டிப் பார்த்து, "சார், இதுல நான் ஒரு தடவைதான் போய் வரலாம். நாளைக்கு ஏழு தடவை போகணும்," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நாளைய வேலையைச் சொல்கிற குரல்தான்.

பலகை பூச்சியத்துக்கு இறங்கியது. தலைவி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

மறுநாள் காலை வாய்மொழியாக உத்தரவு வந்தது. ரிலேயைக் கழற்றிவிடு. பலகையில் வேறு ஏதாவது வரட்டும், பூப்படம் மாதிரி. மற்ற நான்கு கட்டடங்களைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. இதைப் பற்றி நடந்தது எதையும் யாரும் பேசவில்லை. வயர்மேன் ரிலேயைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சர்வீஸ் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது, எப்போதும் ஓடிக்கொண்டிருந்த மாதிரியே. அக்காவின் முழங்கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. மருத்துவர், ஆறு மாதம் என்றேனே, மூன்று வாரத்தில் முடித்துவிட்டீர்களே என்றாராம். கழிப்பறையில் எழுந்து உட்கார இப்போது கைப்பிடி வேண்டும். வீட்டில் அதை வயர்மேன்தான் சுவரில் அடித்துக்கொடுத்தான்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. முயற்சிக்காகவாம். தங்க நிற ஓரம் போட்ட கண்ணாடிச் சட்டம். கூடத்தில் பலகைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்கள். அவன் ஏணி போட்டு, சுவரில் ஓட்டை போட்டு, சட்டத்தை மாட்டிவிட்டு இறங்கினான். சுண்ணாம்புத் தூள் தரையெல்லாம் கொட்டிக்கிடந்தது. அக்கா துடைப்பத்தோடு வந்தாள். அவன் அதைப் பிடுங்கித் தானே கூட்டினான்.

அக்கா சட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாஞ்சிருக்குடா."

"சாஞ்சே இருக்கட்டும்."

"சாஞ்சிருந்தா தூசி மேல் ஓரத்துல ஒரு பக்கமா சேரும். தினம் துடைக்கப்போறது நான்தானே? நேரா வை."

 வயர்மேன் துடைப்பத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, ஏணியை மறுபடி விரித்து, ஏறி, சட்டத்தை நேராக வைத்தான்.